கோச்சி

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பலகையில் ஒரு ரயில் படம் வரைந்து, இது என்ன என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எழுந்து "கோச்சி" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னபோது ஆயா மட்டும் சிரிக்கவில்லை. மில்லிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல், "ரயிலுன்னு சொல்லுடா, இல்ல வண்டின்னு சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆயா பக்கம் திரும்பி, "புள்ளைக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்காத" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோச்சி ஓடவில்லை.

ஓடிய ரயில் வெளியேதான் ஓடியது. வில்லியனூரில் எங்கள் வீடு ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் பாதை 1879-இல் போட்டது. நான் சிறுவனாக இருந்தபோது இன்னும் மீட்டர் கேஜ்தான். வண்டி மெதுவாக வரும், மெதுவாகப் போகும். ஆயா பாகூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் உட்கார்வார். வண்டி வந்து நின்று கிளம்பும்வரை எதுவும் பேசமாட்டார். கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு மறைந்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வார். வயசானவங்களுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயா 2023-இல் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு புடவை, ஒரு சுருக்குப்பை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பழைய இந்தியப் பாஸ்போர்ட். கண்டியில் கொடுத்தது. தாத்தா, ஆயா, நடுவில் அரைக்கால் சட்டையோடு முறைத்துக்கொண்டு அப்பா. கூடவே ஒரு குடும்ப அட்டை. அதில் அப்பாவின் பெயருக்கு நேரே பிறந்த இடம் தலவாக்கலை என்று இருந்தது.

எனக்கு முப்பத்தொரு வயது அப்போது. அப்பா சிலோனில் பிறந்தவர் என்பது அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் அது ஒரு ஊர், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அங்கே பத்து வயதுவரை அவர் ஓடியாடித் திரிந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

*

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். படிவங்களும் அதிலுள்ள கட்டங்களும்தான் என் பிழைப்பு. ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்று அரை நாள் மீட்டிங்கில் பேசியிருக்கிறேன். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான், ஒரு கட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்று பார்த்தேன்.

பிறந்த இடம்.

"பாகூர்னு போடு."

"அப்பா, அந்தப் பழைய பாஸ்போர்ட்ல..."

"அது எதுக்கு இப்ப? எல்லா கார்டுலயும் பாகூர்தான் இருக்கு."

போட்டேன். பக்கத்தைச் சேமிக்கப் போகும்போது, "இரு" என்றார். எழுந்து போய் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டார்: "உண்மைய போட்டா நம்மள ஏதாவது கேப்பாங்களா? திருப்பி அனுப்பிடுவாங்களா?"

மில் மூடும்வரை அங்கே வேலை செய்தவர். எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டவர். சொந்தமாக இரண்டு ரூம் வீடு கட்டியவர். ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நம்மகிட்ட பேப்பர் இருக்கு" என்றேன்.

"அப்படின்னா தலவாக்கலைன்னு போடு" என்றார்.

விசாரணைக்கு வந்தவர் அந்த இடத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்பா தகரப் பெட்டியிலிருந்த காகிதங்களை எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட் வந்தது. வந்த அன்று இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க போய்ட்டு வர எவ்ளோ ஆவும்?" என்றார்.

*

அப்பாவும் ஆயாவும் வந்த வழி இன்று இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கியது அந்தப் போட் மெயில் பாதை. எழும்பூரில் ஏறினால் எங்கள் விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து போனது. அதுவும் 1984-இல் நின்றது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் இராமேஸ்வரம் வண்டிக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி, 2025 பிப்ரவரியில் திரும்ப விட்டார்கள். போக வர ஆளுக்கு 8,500 ரூபாய் வாக்கில். நான் மார்ச்சுக்குப் பதிவு செய்தேன். விமானத்தில் போகலாம் என்றதற்கு அப்பா, "மேல பறந்து போனா வழி எப்படித் தெரியும்?" என்றார்.

செலவுக்கு நான் ஒரு கூகுள் ஷீட் போட்டேன். அப்பா மில்லில் கொடுத்த பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டார். முதல் வரி: வில்லியனூர் - விழுப்புரம், இரண்டு டிக்கெட், 20 ரூபாய். பெட்டிக்குப் பத்து கிலோதான் என்றதும் தன் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கிலோ வறுத்த மல்லாட்டையை உள்ளே திணித்தார். "யார் வீட்டுக்காவது வெறுங்கையோட எப்படிப் போறது?" யார் வீடு என்று நான் கேட்கவில்லை.

விழுப்புரத்தில் காரைக்கால் போகும் இரவு வண்டி. விடிவதற்கு முன் நாகப்பட்டினம். ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தோம். உள்ளே விமான நிலையம் மாதிரியே சோதனை, முத்திரை, வரிசை. கப்பல் நூற்றைம்பது பேர் உட்காரும் அளவு. ஏசி போட்ட நீள அறை, பஸ் மாதிரி இருக்கைகள். கடுவையாற்று முகத்திலிருந்து வெளியே வந்ததும் நாகப்பட்டினம் சீக்கிரமே ஒரு கோடாகி, அந்தக் கோடும் போய்விட்டது.

நான்கு மணி நேரம். பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், நான் உட்பட. அப்பா உப்புப் படிந்த கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பக்கத்து இருக்கையில் திருச்சியில் மகள் வீட்டிலிருந்து திரும்பும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். என்னிடம் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து, "மணந்து பாருங்கோ தம்பி, சரியாப் போகும்" என்றார். பிறகு அப்பாவைக் காட்டி, "அப்பாவுக்கு ஒண்டும் செய்யேல்லையோ? முதலும் கப்பல்ல வந்திருக்கிறாரோ?" என்று கேட்டார்.

அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ராமானுஜம் கப்பல்ல போயிருக்கேன். எழுபத்தெட்டுல. இந்தப் பக்கமில்ல, அந்தப் பக்கமிருந்து."

அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீங்கள் திரும்பி வாறியள்" என்றார்.

*

அப்பா அன்று இரவு யாழ்ப்பாணத்து விடுதி அறையில் பேசினார். இருட்டில் பேசினார் என்பதால்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1820-களிலிருந்து தமிழ்நாட்டுச் சனங்கள் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023-இல், இருநூறாம் ஆண்டு என்று, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியில் நடந்தார்கள். கோப்பி நோய் வந்து அழிந்தது, தேயிலை வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த வருஷமே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் இந்த எண்ணைப் போடு, அந்தக் கட்டத்தில் அந்த எண்ணைப் போடு, மொத்தம் சரியாக வரவேண்டும். நான் தினமும் செய்கிற வேலைதான்.

அப்பா சொன்னது இதல்ல. "உங்க தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டாரு. ஆயாவோட தங்கச்சி இருந்தாங்க, எனக்குச் சின்னம்மா. அவங்க வீட்டுக்காரரு சிலோனுக்கு எழுதிப் போட்டாரு. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. எழுபத்தேழு கலவரத்துக்கு அப்புறம் தாத்தா இனிமே இங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு. கிளம்புற அன்னிக்கு ஸ்டேஷன்ல ஆயாவும் சின்னம்மாவும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகினு விடவே இல்ல. வண்டி நவுந்துச்சு. யாரோ பிச்சித்தான் விட்டாங்க."

அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் இருந்தது. அழுகைக் கோச்சி. ஏறுகிறவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்கள்.

இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு தாத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பாகூர். பள்ளிக்கூடத்தில் அப்பாவைச் 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரன்'. "எந்த ஊருக்குப் போனாலும் இன்னொரு ஊர்க்காரன்" என்றார். கொஞ்ச நாளில் பாகூர்ப் பேச்சைப் பழகிக்கொண்டார். பிறகு தூக்கத்தில்கூடப் பழைய பேச்சு வந்துவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டார். சின்னம்மாவின் கடிதங்கள் 1983 வரைக்கும் வந்தன. அந்த ஜூலைக்குப் பிறகு வரவில்லை.

"ஆயா கடைசி வரைக்கும் ஒண்ணுதான் கேட்டுச்சு. நாம வந்தது சரியான்னு. நான் பதிலே சொன்னதில்ல."

*

யாழ்தேவி 1956-இல் ஓடத் தொடங்கிய வண்டி. 1990-இல் போரால் நின்று, இருபத்துநாலு வருஷம் கழித்து 2014-இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டது இந்திய ரயில்வேயின் இர்கான் நிறுவனம். அகலமும் நம் அகலப்பாதை அகலமே. நாங்கள் இருக்கை பதிவு செய்யவில்லை. ஏறி, நின்று, கிளிநொச்சியில் இடம் கிடைத்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் உப்பளமும் ஏரித் தண்ணீரும். வெயிலில் கண் கூசியது. கிளிநொச்சியில் வண்டி நின்றபோது அப்பா ஜன்னல் வழியாக இறால் வடை வாங்கினார். டைரியில் எழுதிக்கொண்டார்.

மதவாச்சியில் வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்து போனது. மன்னார் பாதை. அப்பா கழுத்தைத் திருப்பி அது மரங்களுக்குள் மறையும்வரை பார்த்தார். இரவு பொல்காவலையில் இறங்கினோம். வடக்குப் பாதை முடிந்து மலைப்பாதையோடு சேரும் சந்திப்பு அது. கொழும்புவரை போய்த் திரும்புவதைவிட இங்கே மாறிக்கொண்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம். பிளாட்பாரத்தில் பிளேன்டீ வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா, "இதே மாதிரி ராத்திரியில இங்க டீ குடிச்சேன். தாத்தா கையில ரெண்டே கப்பு வாங்கற காசுதான் இருந்துச்சு" என்றார்.

கண்டிக்கு பஸ். மறுநாள் காலை கண்டியில் 'பொடி மெனிக்கே'. மூன்றாம் வகுப்புக்குச் சில நூறு இலங்கை ரூபாய், அவ்வளவுதான். வண்டி முழுக்க வெள்ளைக்கார இளைஞர்கள். வாசலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு செல்போனை நீட்டினார்கள். உலகத்தின் அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்று எல்லா வீடியோவிலும் சொல்லும் பாதை இது. பொய்யில்லை. கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி ஏறத் தொடங்குகிறது. ஒரு வளைவில் திரும்பினால் நாம் ஏறியிருக்கும் வண்டியின் எஞ்சினையே எதிர்ப்பக்கத்தில் பார்க்கலாம். பிறகு தேயிலை. சீவி வாரியதுபோல் ஒரே உயரத்தில் மலை முழுக்கத் தேயிலை. நடுநடுவே நீளமாக, தகரக் கூரை போட்ட, ஒரே சுவரில் வரிசையாகக் கதவுகள் வைத்த கட்டடங்கள். அவைதான் லயங்கள். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி அதையும் படமெடுத்தாள். தேயிலைப் பச்சைக்கு நடுவே சிவப்பும் நீலமுமாக அந்தத் தகரம் படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கும்.

இந்தப் பாதையே தோட்டத்துக்காகப் போட்டதுதான். 1867-இல் கண்டிக்கு வந்தது, கோப்பி மூட்டைகளை இறக்க. அதே வருஷம்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். பிறகு தேயிலை ஏற ஏறத் தண்டவாளமும் பின்னாலேயே ஏறி, 1924-இல் பதுளைக்குப் போய் நின்றது. நாற்பதுக்கும் மேல் சுரங்கங்கள்.

ஹட்டனைத் தாண்டியதும் அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். "சிங்கமலைச் சுரங்கம் வரும்" என்றார். இந்தப் பாதையிலேயே நீளமான சுரங்கம் அது. வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் உள்ளூர்ப் பையன்கள் "ஊ..." என்று கத்த ஆரம்பித்தார்கள். சுவரில் மோதி, சத்தம் பெட்டி முழுக்க நிறைந்தது. அந்தக் கூச்சலுக்குள் ஒரு குரல் தனியாகக் கேட்டது. உடைந்த, கட்டையான குரல். வெளிச்சம் வந்தபோது எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் இன்னும் ஒரு விநாடி கத்திக்கொண்டிருந்தார். பையன்கள் கைதட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் அப்பாவின் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அரை மணிக்குள் தலவாக்கலை வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தார். மடியில் பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஸ்டேஷன் வந்துடுச்சு."

"பதுளைக்கே போயிடலாம்."

"டிக்கெட் இதுவரைக்கும்தான்."

"வாங்கிக்கலாம். காசு நான் தரேன்."

விசில் கேட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர்ப்பலகை, மூன்று மொழியிலும், ஜன்னலுக்கு வெளியே மெதுவாகப் பின்னால் போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நானுஓயாவில் இறங்கி ஓடி மீதி டிக்கெட் வாங்கிவந்தேன். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பாதையின் பேர்பெற்ற பகுதி. பட்டிப்பொலை, சுமார் 1,890 மீட்டர், இலங்கையின் உயரமான ரயில் நிலையம். அதை அடுத்த சுரங்கத்தில் ஒரு பக்கம் மூடுபனியில் நுழைந்து மறுபக்கம் வெயிலில் வெளியே வந்தோம். ஹப்புத்தளையில் தரை ஒரு பக்கம் அப்படியே இல்லாமல் போய், கீழே சமவெளி. எல்லவைத் தாண்டி 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம், அதன்மேல் நூறு செல்போன்கள். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகிறது. எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் பார்த்ததாக நினைவில்லை. பக்கத்தில் ஒருவர் ஐந்து மணி நேரம் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பதுளை விடுதியில் சாப்பிடாமல் படுத்தார். விளக்கை அணைத்த பிறகு, "அந்த லயம் இல்லாம போயிருந்தா பரவாயில்ல" என்றார். "அப்படியே இருந்துச்சுன்னா?"

*

அப்படியேதான் இருந்தது.

மறுநாள் கீழே இறங்கும் வண்டியில் தலவாக்கலை வந்ததும், நான் எழுவதற்குமுன் அவர் இறங்கிவிட்டார். ஊர் மாறியிருந்தது. மேல் கொத்மலை அணை 2012-இல் வந்ததில் ஆறு தேக்கமாகி, கடைத்தெருவில் ஒரு பகுதி இடம் மாறிவிட்டது. "இங்கதான தண்ணி ஓடும்" என்று கொஞ்ச நேரம் தடுமாறினார். தோட்டத்துப் பாதைக்கு வந்ததும் தடுமாற்றம் போய்விட்டது. ஏற்றத்தில் எனக்கு முன்னால் நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

லயத்தில் நாலாவது காம்பரா. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன், நாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறோம், அப்பா இங்கேதான் பிறந்தார் என்று. அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்கு வாங்கண்ணே, ஒங்க வீடுதானே" என்றார்.

ஒரு அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் அடுப்பு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சுவர். அப்பா அடுப்படிச் சுவரில் கையை வைத்து ஓரிடத்தைத் தேடினார். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. மல்லாட்டைப் பையை எடுத்துக் கொடுத்ததும், "கச்சானா? இவ்வளவா!" என்று சிரித்தார் அந்த அம்மா. பிளேன்டீ வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கச்சானைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அவர் கொழுந்து பறிக்கிறார். அப்போது, 2025-இல், நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபாயாக இருந்தது, அதுவும் எடை நிறைந்தால். கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்புவதில்தான் கூரைத் தகரம் மாற்றினாராம். பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் கேட்டார்: "அங்க ஒங்களுக்குச் சொந்த வீடு இருக்காண்ணே?"

"இருக்கும்மா. சின்னதுதான். ரெண்டு ரூம்."

"காணி ஒங்க பேருலயா?"

"ஆமா."

அந்த அம்மா தலையசைத்தார். சுவரைப் பார்த்தார். "நாங்க நாலு தலைமொறையா இங்க இருக்கோம். இந்தச் செவுரு எங்க பேருல இல்ல" என்றார். புகார் மாதிரி இல்லை. சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னார். அப்பா தேநீரைக் கீழே வைத்தார். ஆயா நாற்பத்தைந்து வருஷம் கேட்ட கேள்விக்கு அங்கே பாதி பதில் கிடைத்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிற முகம் அவரிடம் இல்லை. எனக்கும் இல்லை.

மீதிப் பாதியைக் கடைசிக் காம்பராவிலிருந்த பெரியவர் சொன்னார். எண்பதைத் தாண்டியவர். அப்பா சின்னம்மாவின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவுங்க எம்பத்து மூணுக்குப் பொறகு இங்க இல்லியே. வன்னிப் பக்கம் போயிட்டாங்க. கிளிநொச்சி. அங்க காடு வெட்டிக் காணி குடுக்கிறாங்கன்னு ரொம்ப சனம் போச்சு. பாரதிபுரம்னு சொன்னாங்க."

சிலோனுக்கு எழுதிப் போட்டவர்கள், இந்த மலையில் இருக்க முடியாமல், தமிழ்ச் சனம் இருக்கும் இடம் என்று வடக்கே போனார்கள். போன இடத்தில் போர் வந்தது. 2009 வரைக்கும். அப்பா பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு நாளைக்கு முன் அந்த ஸ்டேஷனில்தான் வடை வாங்கினோம்.

*

கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. கண்டி வந்து, இரவு பஸ் பிடித்து, விடிகாலையில் கிளிநொச்சியில் இறங்கினோம். ஆட்டோக்காரர் பாரதிபுரம் என்றதும், "தோட்டத்து ஆக்களத் தேடுறியளோ?" என்றார். புதுச்சேரிக்காரனுக்குப் பாரதி பெயரில் ஓர் ஊர் என்றால் ஒரு கூடுதல் நெருக்கம் வந்துவிடும். சிவந்த மண், பனை, வேலி போட்ட சின்னச் சின்ன வளவுகள். தேயிலை வாசனையே இல்லாத அந்த ஊரில் ஒரு டீக்கடைக்காரர் 'காம்பரா' என்ற சொல்லைச் சொன்னபோது அப்பா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

ஒரு பகல் முழுக்கக் கேட்டோம். கோயிலில், கடையில், வாசிகசாலையில். பெயரைச் சொன்னோம், தோட்டத்தைச் சொன்னோம். சிலருக்கு அப்படி ஒருவர் இருந்த ஞாபகம். சிலருக்கு வேறொருவர். ஒரு பாட்டி, அப்பாவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட சனமெல்லாம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கயெங்கயோ போச்சு மகன். திரும்பி வந்தது பாதி" என்றார். அவர் பேச்சில் மலையும் வடக்கும் கலந்திருந்தன. அப்பா பேச்சிலும் பாகூர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். "வாறேன்", "ஓம்" எல்லாம் வந்துவிட்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

என் செல்போன் எண்ணை மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்தோம். கடைசி பஸ்ஸில் யாழ்ப்பாணம். மறுநாள் காங்கேசன்துறை.

கப்பல் கிளம்பக் காத்திருந்தபோது அப்பா டைரியில் கூட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்குள். என் ஷீட்டோடு 40 ரூபாய் வித்தியாசம் வந்தது. தேடினேன். கிளிநொச்சி வடையை நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

இன்னும் யாரும் அழைக்கவில்லை. வெளிநாட்டு எண் ஏதாவது வந்தால் மீட்டிங்கின் நடுவிலும் எடுத்துவிடுகிறேன். இதுவரை எல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான்.

போன மாதம் மழை நின்ற ஒரு சாயங்காலம் அப்பா என் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அவளுக்கு மூன்று வயது. திரும்பி வந்ததும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "தாத்தா எனக்குக் கோச்சி காட்டுனாங்க" என்றாள்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "அடுத்த தடவ கிளிநொச்சிக்கு ரெண்டு நாள் சேத்துப் போடு" என்றார்.